தை மாதத்துக்கு முன் செய்யவேண்டியது: உழவர் நிறுவனத்தில் பொறுப்பைக் கைமாற்றும் வழி

தை பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் (விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் நிறுவனம்) நடத்துபவரின் கைப்பேசி ஓயாது. அறுவடை மிஷின் எப்போது வரும்? சாக்கு இருக்கிறதா? நெல்லில் ஈரம் 19 காட்டுகிறது, என்ன செய்ய? டிரைவர் டீசலுக்குக் காசு கேட்கிறார், கொடுக்கலாமா? எல்லாக் கேள்வியும் முதன்மைச் செயல் அலுவலருக்கே போகிறது. ஊர்ப் பேச்சில் அவர்தான் சி.இ.ஓ. அவரும் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் பைக்கில் ஓடி ஓடிப் பதில் சொல்கிறார். அலுவலகத்தில் நான்கைந்து பேர் சம்பளம் வாங்குகிறார்கள், ஆனால் முடிவெடுப்பவர் ஒருவர்தான்.

அந்த ஒருவருக்காக இதை எழுதுகிறேன். மகளிர் குழுக் கூட்டமைப்பு, விதைப் பண்ணை, அரிசி ஆலை நடத்துபவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். பிரச்சினை எங்கே இருக்கிறதோ அங்கே நிற்பவர் கையில் முடிவு இருக்கவேண்டும். அந்த முடிவை அவர் சரியாக எடுக்கத் தகவல், பணம், பழக்கம், ஊர் மதிப்பு என்று என்னென்ன தேவையோ அதையெல்லாம் சேர்த்துக் கொடுப்பதுதான் தலைமையில் இருப்பவரின் வேலை.

காவிரிப் பாசனமே அப்படித்தான் நடக்கிறது. மேட்டூரில் எவ்வளவு திறப்பது என்பது மேலே முடிவாகிறது. ஜூன் 12-ல் அங்கே திறந்தால் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்கப்புறம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரித்துவிடுவதையும், கிளை வாய்க்காலில் ஷட்டரை ஏற்றி இறக்குவதையும் அங்கங்கே இருக்கும் பொறியாளரும், மதகை இயக்கும் லஸ்கரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மடைக்கும் மேட்டூரைக் கேட்டுக்கொண்டிருந்தால் கடைமடையில் இருக்கும் தலைஞாயிறு வரைக்கும் தண்ணீர் போய்ச் சேராது.

எப்போது தொடங்குவது

தை மாதத்தில் தொடங்கவேண்டாம். சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும்போது "இனிமேல் நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்வது, நீச்சல் தெரியாதவரை வெள்ளத்தில் இறக்குவது.

தாளடி அறுவடை முடிந்து மேட்டூர் திறக்கும் வரை, அதாவது பங்குனி முதல் வைகாசி வரை, கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும். ஆராய்வதையும் எழுதுவதையும் அப்போது முடித்துவிடுங்கள். மேட்டூர் திறந்ததும் வரும் குறுவைப் பருவத்தில் பரப்பு குறைவு. அதனால் பொறுப்பை முதன்முதலில் கைமாற்றிப் பார்க்க அதுவே நல்ல பருவம். குறுவையில் வந்த சிக்கல்களை ஐப்பசி மழைக்குள் பேசித் தீர்த்துக்கொண்டால், சம்பா அறுவடைக்கு முழுப் பொறுப்பையும் தயங்காமல் கொடுக்கலாம். ஆக இது ஒரு வருட வேலை. மூன்று மாதத்தில் முடிக்க நினைத்தால் பாதியில் நிற்கும்.

முதல் படி: உங்களிடம் ஏன் வருகிறார்கள் என்று பாருங்கள்

ஒரு வாரத்துக்கு உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்துவையுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒரு வரி போதும். வார முடிவில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதை அவரே ஏன் முடிக்கவில்லை என்று எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான வேலை இதுதான். காரணம் தெரியாமல் கொடுக்கும் பொறுப்பு உங்களிடமே திரும்பி வந்துவிடும்.

காரணங்கள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கும்.

தகவல் இல்லாமல் கேட்பது முதல் வகை. "சாக்கு எப்ப வரும் சார்?" என்று ஊழியர் கேட்கிறார் என்றால், அந்தத் தேதி உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று பொருள். சுவரில் ஒரு பலகை, ஒரு வாட்ஸ்அப் குழு, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய இருப்புப் பதிவேடு ஆகியவை இருந்தாலே இந்த வகைக் கேள்விகள் பெருமளவு நின்றுவிடும்.

இரண்டாவது, அதிகாரம் இல்லாமல் கேட்பது. ஈர வயலில் ஓடும் பெல்ட் வகை அறுவடை மிஷினில் ஒரு சிறு பாகம் உடைந்துவிட்டது. என்ன வாங்கவேண்டும், எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஆபரேட்டருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் 800 ரூபாய் செலவழிக்க உங்கள் வாய்ச்சொல் வேண்டும். நீங்கள் வங்கியில் உட்கார்ந்து போனை எடுக்காத ஒரு மணி நேரமும் மிஷின் வயலில் நிற்கும். அடுத்த வயல்காரர் காத்திருப்பார். இங்கே பயிற்சி கொடுத்துப் பயனில்லை. செலவு வரம்பு கொடுத்தால் போதும்.

மூன்றாவது, பழக்கம் இல்லாமல் கேட்பது. ஈரப்பதமானியை எப்படிப் பிடிப்பது, சிட்டா அடங்கலில் எதைச் சரிபார்ப்பது என்பவை இந்த வகை. இதைச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது.

நான்காவது பயம். தெரியும், பணமும் இருக்கிறது, செய்யவும் வரும். ஆனாலும் கேட்கிறார். தப்பாகப் போனால் தன் தலை உருளும் என்று அவருக்குத் தெரியும். முன்பு ஒருவர் தலை உருண்டதைப் பார்த்தும் இருப்பார். நம் நிறுவனங்களில் இந்த வகைதான் அதிகம் என்பது என் எண்ணம். இதற்கு ஊக்க உரை மருந்தாகாது. தவறு நடந்த அன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் மருந்து. அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த நான்கிலும் சேராத சில கேள்விகள் மிஞ்சும். இயக்குநர் குழு விவகாரம், கடன் ஒப்பந்தம், ஊழியர் நியமனம், பணக் கையாடல் சந்தேகம் போன்றவை. அவை உங்களுடையவை, உங்களிடமே இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஏவல் வேண்டாம், முழு வேலையைக் கொடுங்கள்

"போய் டீசல் போட்டுட்டு வா", "அந்த வயலுக்கு மிஷினை அனுப்பு", "பில் போடு" என்று துண்டு துண்டாகச் சொன்னால், ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் அவர் உங்களிடம் வந்துதான் போகவேண்டும். மாறாக, மிஷின் வாடகை முழுவதையும் ஒருவர் கையில் கொடுங்கள். முன்பதிவு, வரிசை, எந்த வயலுக்கு டயர் மிஷின், எந்த ஈர வயலுக்குப் பெல்ட் மிஷின், டீசல், மணிக்கணக்கு, வசூல், குறை கேட்பது எல்லாம் அவருடையது. உங்களுக்குத் தெரியவேண்டியது முடிவு மட்டும்: இந்தப் பருவத்தில் உறுப்பினர் வயல் எதுவும் வரிசை தவறாமல் அறுபடவேண்டும், வாடகை முழுதும் வசூலாகவேண்டும், மிஷின் பழுதில்லாமல் திரும்பவேண்டும்.

விதைக் கடையும் அப்படித்தான். மூன்று மா நிலம் (சுமார் ஒரு ஏக்கர்) வைத்திருக்கும் ஒருவர் வந்து சம்பாவுக்கு என்ன ரகம் போடலாம் என்று கேட்கிறார். அவர் வயல் பள்ளக்கால், மழை வந்தால் ஒரு வாரம் தண்ணீர் நிற்கும் என்பது கடையில் இருக்கும் ஊழியருக்குத் தெரியும், அவரும் அதே ஊர்தான். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தை அவர் சொல்லலாம். அலுவலகத்தில் இருக்கும் உங்களைக் கேட்டால், உங்களால் இருப்பில் எது அதிகம் என்று மட்டும்தான் பார்க்க முடியும். அப்புறம், எந்த ரகம் எத்தனை மூட்டை வாங்கி வைப்பது என்பதையும் அவரே முடிவுசெய்யட்டும். விற்காமல் நின்றால் கணக்கும் அவரே சொல்லட்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பாரம்பரிய ரக விதை 2 கிலோ கொடுப்பார். வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். எந்த வயலில் போடுவது, எப்படி வளர்ப்பது என்பதெல்லாம் விவசாயி பாடு. எதிர்பார்ப்பு ஒரே வரியில் தெளிவு, வழி முழுக்க அவரவர் கையில். நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் ஒரு மனிதரின் களஞ்சியத்தோடு நின்றுவிடாமல் பல வயல்களுக்குப் பரவ இந்த ஏற்பாடு உதவியது. நீங்கள் கொடுக்கும் பொறுப்பையும் இப்படி ஒரே வரியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உங்களுக்கே அது இன்னும் தெளிவாகவில்லை.

மூன்றாம் படி: எல்லையை எழுத்தில் வையுங்கள்

"பாத்துச் செய்ங்க" என்பது அதிகாரம் கொடுப்பது ஆகாது. நன்றாக நடந்தால் உங்கள் பெயர், கெட்டால் அவர் பெயர் என்றுதான் ஊழியர் அதைப் புரிந்துகொள்வார். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பக்கத்தில் மூன்று பகுதி எழுதுங்கள்: கேட்கவே தேவையில்லாதவை, செய்துவிட்டுச் சொல்லவேண்டியவை, சொல்லிவிட்டுச் செய்யவேண்டியவை.

மிஷின் பொறுப்பாளருக்கு, எடுத்துக்காட்டாக: அன்றாட டீசலும் வரிசையும் கேட்கவேண்டியதில்லை. ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் வரை உதிரிபாகம் வாங்கிவிட்டு அன்று மாலைக்குள் ரசீதோடு சொல்லலாம். அதற்கு மேல் செலவு, மிஷினை வட்டாரத்துக்கு வெளியே அனுப்புவது, வாடகையில் தள்ளுபடி ஆகியவற்றை முன்னாலேயே சொல்லவேண்டும். தொகை உங்கள் நிறுவனத்தின் வரவைப் பொறுத்தது. ஆனால் பயப்படும் அளவுக்குச் சின்னதாக வைக்காதீர்கள். 200 ரூபாய் வரம்பு கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான்.

யாராலும் தாண்டக்கூடாதவற்றைத் தனியே எழுதுங்கள். எடையில் கைவைக்கக் கூடாது. உறுப்பினர் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்கக் கூடாது. சொந்தக்காரருக்காக வரிசையை மாற்றக் கூடாது. எஞ்சின் ஓடும்போது கத்திப் பகுதியில் கைவிடக் கூடாது. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்கு அடியில் மிஷினை ஓட்டக் கூடாது. இந்தப் பட்டியல் சின்னதாக இருந்தால்தான் நினைவில் நிற்கும்.

அப்புறம் ஒரு சட்ட விஷயம். உற்பத்தியாளர் நிறுவனத்தில் 5 முதல் 15 இயக்குநர்கள் இருப்பார்கள், முழுநேர முதன்மைச் செயல் அலுவலரை நியமிப்பதும் அவர்கள்தான். ஆகவே செலவு வரம்புகளை நீங்கள் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் இயக்குநர் குழுவில் வைத்துத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். தணிக்கையில் கேள்வி வந்தால் அந்தத் தீர்மானம்தான் ஊழியரைக் காப்பாற்றும்.

நான்காம் படி: ஊருக்குச் சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள்

அலுவலகத்துக்குள் பொறுப்பு கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. நம் ஊர்களில் யார் சொன்னால் கேட்பார்கள் என்பதை வயது, சாதி, ஆணா பெண்ணா, எத்தனை வேலி நிலம் என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மிஷின் வரிசையைப் பார்க்கிறார் என்றால், இரண்டு வேலி வைத்திருக்கும் மிராசுதார் அவரிடம் பேசமாட்டார். நேரே உங்களைக் கூப்பிடுவார். சேரியிலிருந்து வந்த இளைஞர் ஈரப்பதம் அளந்து "இன்னும் காயணும்" என்று சொன்னால், "பெரியவரை வரச்சொல்லு" என்பார்கள்.

அந்தக் கூப்பாட்டுக்கு நீங்கள் ஒருமுறை இணங்கினாலும் எழுதிக் கொடுத்த காகிதம் செல்லாது. எனவே பருவம் தொடங்குமுன் உறுப்பினர் கூட்டத்தில் அவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, இன்னது இவர் பொறுப்பு, இதில் இவர் சொன்னதுதான் நிறுவனத்தின் முடிவு என்று அறிவியுங்கள். இயக்குநர்களும் அதே மேடையில் இருக்கட்டும். போன் வரும்போது இப்படிப் பேசலாம்:

"தம்பி, நாளைக்குக் காலைல நம்ம வயலுக்கு மிஷினை அனுப்பிவைங்க."

"ஐயா, மிஷின் வரிசை அந்தத் தங்கச்சி பொறுப்பு. அவங்ககிட்டயே பேசிருங்க."

"அது சின்னப் பொண்ணு, அதுகிட்ட என்னத்தப் பேசறது? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

"நான் சொன்னா உங்களுக்கு முன்னாடி நிக்கிறவங்க வரிசை போயிரும் ஐயா. நாளைக்கு உங்க முறைக்கும் வேற ஒருத்தர் எனக்குப் போன் போடுவாரு. அவங்க நியாயமாத்தான் செய்வாங்க, பேசிப் பாருங்க."

மரியாதையில் குறை வைக்கவேண்டாம், முடிவில் இணங்கவும் வேண்டாம். உடனே அந்த ஊழியருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்: இன்னார் கூப்பிட்டார், உன்னிடம் அனுப்பியிருக்கிறேன். அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் மாற்றாதீர்கள். மிராசுதாருக்கு அடுத்து இயக்குநரே கூப்பிடுவார், அதுதான் கடினம். அவருக்கும் அதே பதில்தான். தீர்மானத்தில் அவர் கையெழுத்தும் இருப்பதை மெதுவாக நினைவுபடுத்தலாம்.

ஐந்தாம் படி: கேள்வியோடு வரும்போது

எத்தனை எழுதிவைத்தாலும் பழைய பழக்கத்தில் வந்து கேட்பார்கள். "நீ என்ன நினைக்கிற?" என்று உடனே திருப்பிக் கேட்காதீர்கள். மேலே இருப்பவர் அப்படிக் கேட்டால் நம் ஊரில் அது பரீட்சையாகத்தான் தோன்றும். உங்கள் மனதில் இருக்கும் பதிலை ஊகிக்கத்தான் முயல்வார்கள். முதலில் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். அப்புறம் இருக்கிற வழிகளை. கடைசியில்தான் அவர் முடிவை.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். மழைக் காலங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்துவதுண்டு, ஆனால் அறிவிப்பு வரும்வரை 17 தான். களத்திலிருந்து போன் வருகிறது:

"சார், நெல்லு 19 காட்டுது. எடுக்கமாட்டேங்கிறாங்க. என்ன பண்றது?"

"எத்தனை மூட்டை வரும்? யார் யாரோடது?"

"40 கிலோ சிப்பம் நூத்தி இருபது வரும் சார். மூணு பேரோடது."

"வானம் எப்படி இருக்கு?"

"கிழக்க மூடிக்கிட்டு இருக்கு. ராத்திரிக்கு வந்தாலும் வரும்."

"சரி, என்னென்ன வழி இருக்கு?"

"இப்பவே கிளறிவிட்டு மூணு மணிக்கு மறுபடி அளக்கலாம். ஒருத்தர் வியாபாரிக்கே போட்டுறேங்கிறாரு."

"நீங்க எதைச் செய்யப்போறீங்க?"

"காயவச்சுப் பாக்கறேன் சார். குறையலேன்னா படுதா போட்டு மூடிட்டு நாளைக்கு அளக்கலாம். வியாபாரிக்குப் போடறது அவங்க விருப்பம், நாம தடுக்கக் கூடாது. விலை வித்தியாசத்தை மட்டும் சொல்லிடறேன்."

"அப்படியே செய்ங்க. சாயங்காலம் என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

இதில் நீங்கள் ஒரு தீர்வும் சொல்லவில்லை. அடுத்த முறை அந்தக் கேள்விகளை அவரே தனக்குள் கேட்டுக்கொள்வார். அவர் சொல்லும் வழி உங்கள் வழியைவிடக் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும், பெரிய நட்டம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். தன் வழியைத் தானே சரிசெய்துகொள்வார். அவசரமாக மழை இறங்கிவிட்டால் இந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம், "மூடுங்க முதல்ல" என்று சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: பழக்குவது

இதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. முதல் தடவை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், அப்புறம் அவர் செய்ய நீங்கள் பாருங்கள், அப்புறம் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மூன்றாவதுதான் பலருக்கு வராது, களத்து ஓரத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். நீங்கள் நிற்கும்வரை விவசாயிகளின் கண் உங்கள் முகத்தில்தான் இருக்கும்.

ஏழாம் படி: தவறு நடந்த அன்று

மிஷினைத் தவறான வயலுக்கு அனுப்பி அரை நாள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்த அலுவலகமும் அன்று உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டால், இந்த ஒரு வருட வேலை அன்றோடு முடிந்தது.

பாதிக்கப்பட்ட விவசாயியிடம் நிறுவனம் என்ற முறையில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள், ஊழியரைக் காட்டிக்கொடுக்காதீர்கள். நட்டத்தை ஊழியர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். இதைப் பருவம் தொடங்குமுன்பே சொல்லிவைக்கவேண்டும். மறுநாள் அவரோடு உட்கார்ந்து, அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் போனது என்று மட்டும் பேசுங்கள். பெரும்பாலும் ஒரு தகவல் போய்ச் சேராததுதான் காரணமாக இருக்கும்: வயலின் பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்திருக்கும், வாய்க்கால் பாலம் இடிந்தது யாரும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். அதை அடைத்துவிட்டுப் பொறுப்பை அவரிடமே விடுங்கள்.

ஏமாற்று வேறு. எடையில், பணத்தில், வரிசையில் பொய் இருந்தால் அன்றே பொறுப்பிலிருந்து எடுக்கவேண்டும், குழுவுக்கும் சொல்லவேண்டும். தவறுக்குப் பொறுமையும் பொய்க்குக் கண்டிப்பும் இரண்டுமே இருந்தால்தான் நேர்மையான ஊழியருக்குத் தைரியம் வரும்.

எட்டாம் படி: தினமும் கால்மணி நேரம்

அறுவடைக் காலத்தில் காலை ஏழு மணிக்கு, நின்றபடியே, கால்மணி நேரம் பேசினால் போதும். ஒவ்வொருவரும் இன்று என்ன செய்யப்போகிறார், எதில் அடுத்தவர் உதவி வேண்டும் என்று சொல்லவேண்டும். உங்களிடம் சொல்லவேண்டியதில்லை, ஒருவருக்கொருவர் சொல்லட்டும். கணக்கு வாரம் ஒருமுறை. அதற்கு மேல் கூட்டம் வேண்டாம், நெல் காத்திருக்காது.

பேரிடரில் என்ன செய்வது

இந்த நேரத்திலாவது தலைவர் எல்லாவற்றையும் கையில் எடுக்கவேண்டாமா என்று கேட்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரை கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது, செல்போன் டவர்களும் போயின. பல ஊர்களுக்கு யாரையும் தொடர்புகொள்ள வழியில்லை. அப்படி ஒரு நாளில் உங்கள் உத்தரவு யாருக்கும் போய்ச் சேராது. கிடங்குச் சாவி யாரிடம், படுதாவையும் ஜெனரேட்டரையும் ஊருக்குக் கொடுக்க யார் முடிவெடுப்பது, கையில் எவ்வளவு ரொக்கம் வைப்பது என்று ஐப்பசிக்கு முன்பே ஊர்வாரியாக எழுதிவையுங்கள். நீங்கள் நேரடியாக நுழையவேண்டியது உயிர் ஆபத்து, பணக் கையாடல், ஊர்ச் சண்டை ஆகிய மூன்றில்தான். நுழைந்தால், எப்போது விலகுவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சம்பளமும் பெயரும்

பொறுப்பை மட்டும் ஏற்றிவிட்டு சம்பளத்தை அப்படியே வைப்பது அநியாயம். 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் உருவான நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அது நின்றபின் நிறுவனம் சொந்த வருமானத்தில் நிற்கவேண்டும். அப்போது நல்ல ஊழியர்கள்தான் முதலில் திருப்பூருக்கோ சென்னைக்கோ கிளம்புவார்கள். ஏப்ரலுக்கு முன் போடும் பட்ஜெட்டிலேயே பொறுப்புக்கான படி (அலவன்ஸ்) என்று ஒரு தொகையை வையுங்கள். மிஷின் வாடகை உபரியில் சிறு பங்கும் வைக்கலாம், ஆனால் வசூல் அளவுக்கு மட்டும் அதைக் கட்டாதீர்கள், வரிசை நியாயம் கெடும். பணமே இல்லை என்றால் பொறுப்பையும் அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுங்கள்.

ஆண்டுப் பொதுக்குழுவில் மிஷின் வரவுசெலவை நீங்கள் வாசிக்கவேண்டாம். அதை நடத்தியவரே எழுந்து வாசிக்கட்டும், உறுப்பினர் கேள்விக்கும் அவரே பதில் சொல்லட்டும். அவருக்கு முன்னதாக இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொடுங்கள். அவராகத் திரும்பி உங்களைப் பார்த்தால் மட்டும் எழுந்திருங்கள்.